ஆறாம் நம்பர் மஞ்சள்

சொட்டக்காவின் நாள் தண்ணீரில்தான் விடியும். பல் துலக்கிய கையோடு கொட்டகைக்குப் போய்விடுவாள். அங்கே ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, பக்கத்தில் கால் ஆடும் மர மேசை ஒன்று. மேசைமேல் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயும் மூக்கு நீண்ட சின்ன மருந்து பாட்டிலும் இருக்கும். தொட்டித் தண்ணீரைக் குழாயில் கோடு வரைக்கும் பிடித்து, மூன்று சொட்டு மருந்து விட்டு, கட்டைவிரலால் வாயை மூடிக் குலுக்கி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். தண்ணீர் நிறம் மாறும். நீலம் என்றால் எட்டு, பச்சை என்றால் ஏழு, மஞ்சள் ஆறு, ஆரஞ்சு ஐந்து, சிவப்பு நாலு. படித்தவர்கள் இதைத்தான் பி.எச். என்கிறார்கள். நாற்றுக்குப் பிடித்தது ஆறு. கிணறு கொடுப்பதோ எட்டு. அந்த எட்டை ஆறுக்கு இறக்கத் தொட்டியில் அமிலம் அளந்து ஊற்ற வேண்டும். அமிலம் கூடினால் வேர் வெந்துபோகும், குறைந்தால் இலை வெளிறிப்போகும். நடுவில் கொஞ்ச இடம்தான், அந்த இடத்தில்தான் பதினெட்டு வருஷமாக நாற்று வளர்த்து விற்று இந்தக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க முன்பு ஓர் அட்டை இருந்தது. ஈரக் கை பட்டுப் பட்டு அது ஊறி, கடைசியில் எல்லாக் கட்டமும் ஒரே சாம்பலாகிவிட்டது. புது அட்டை வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது நாத்தனார் சிரித்தாள். "அட்டை எதுக்கு? அதான் அண்ணி கண்ணுக்குள்ளயே இருக்கே" என்றாள். அது உண்மைதான். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். மூன்று சொட்டு விடுவாள், தூக்கிப் பார்ப்பாள், "ஆறரை, கொஞ்சம் மேல" என்பாள். அதற்கு அப்பீல் கிடையாது. சொட்டக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதை அவள் மறைத்ததுமில்லை.

வீட்டுக்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: சல்லிசு. எதை வாங்கி வந்தாலும் "சல்லிசாக் கிடைச்சுது" என்று சொல்லிக்கொண்டேதான் வாசலில் கால் வைப்பார். அடி ஒழுகும் வாளி, ஒரே பக்கம் தலையைத் திருப்பி நின்றுவிடும் மின்விசிறி, இரண்டுமே இடது கையாக இருந்த ரப்பர் உறை ஜோடி, எல்லாம் அவர் கைங்கரியம். ஒழுகிய கொட்டகைத் தகரத்தைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று பச்சை பிளாஸ்டிக் தகடு போட்டது மட்டும்தான் அவர் செய்ததில் யாரும் கேலி பேசாத காரியம். பகலில் விளக்கே வேண்டாம், கொட்டகை முழுக்க வெளிச்சம்.

இரண்டு மாதமாகச் சொட்டக்கா பயந்துகொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் அமிலத்தின் அளவு கூடியது. தொட்டிக்கு இரண்டு குவளை ஊற்றினால் வந்துகொண்டிருந்த மஞ்சள், திடீரென்று மூன்று குவளை கேட்டது. வெயில் ஏறிவிட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, உப்பு கூடியிருக்கும் என்று நினைத்து ஊற்றினாள். பிறகு அந்த மஞ்சளே சந்தேகமாகத் தெரிய ஆரம்பித்தது. பழைய ஆறாம் நம்பர் மஞ்சளில் ஒரு தெளிவு இருக்கும். இப்போது வருவது கலங்கிய மஞ்சள். குழாயை இப்படித் திருப்பினால் மஞ்சள் மாதிரி, அப்படித் திருப்பினால் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும் அதேதான். பத்து நாளில் குடைமிளகாய் நாற்றில் துரு தெறித்தாற்போலப் புள்ளி விழுந்தது. 

அவள் அப்பா சாயப்பட்டறையில் நிறம் சேர்ப்பவராக இருந்தவர். துணியின் ஓரத்தைத் தொட்டியில் நனைத்து எடுத்து, "இன்னும் அரைக் கரண்டி சிவப்பு" என்று சொன்னால் அரைக் கரண்டிதான் குறைந்திருக்கும். அவருக்குக் கண் போனபோது முதலில் போனது நிறம். எழுத்து தெரிந்தது, ஆள் தெரிந்தது, ஊசியில் நூல்கூடக் கோத்தார். நிறம் மட்டும் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷம் யாருக்கும் தெரியாமல் மறைத்தார். ஊதாவாகப் போக வேண்டிய துணி பழுப்பாகப் போய்ப் பட்டறையிலிருந்து அவரை அனுப்பிவிட்ட பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அப்பா பதினொரு வருஷம் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் மகள் வந்து நின்றால், "இன்னைக்கு என்ன நிறம் போட்டிருக்கே?" என்று கேட்பார். அவள் சொல்வாள். கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்.

அப்பாவுக்கு அது தொடங்கியபோது வயது நாற்பத்தேழு. சொட்டக்காவுக்கு இந்த வருஷம் நாற்பத்தேழு.

நாத்தனாரைக் கூப்பிட்டு, "இந்தாடி, இது உனக்கு என்ன நிறமாத் தெரியுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்க நினைத்து இரண்டு முறை வாயைத் திறந்தாள். ஆனால் பதினெட்டு வருஷமாகக் கேட்காத கேள்வியை இன்றைக்குக் கேட்டால், ஏன் கேட்கிறாள் என்று அடுத்த கேள்வி வரும். நாத்தனார் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் மாலைக்குள் நாலு தோட்டம் தாண்டிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு அமிலத்தை ஊற்றினாள்.

மிளகாய்க்காரர் வந்தது ஒரு மத்தியான நேரம். நாலு பிளாஸ்டிக் கூடாரத்தில் குடைமிளகாய் போடும் பெரிய தோட்டக்காரர், தொடக்கத்திலிருந்து இவர்களிடமே நாற்று எடுப்பவர். கையில் ஒரு குழித்தட்டோடு நேராகக் கொட்டகைக்குள் வந்து அதை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் பாரும்மா."

பார்க்க வேண்டியதே இல்லை. இலை விளிம்பெல்லாம் பழுப்பு, நடுவில் புள்ளி. அவர் ஒரு குழியிலிருந்து நாற்றை உருவி, தேங்காய் நார்த்தூளை உதறி, வேரைக் காட்டினார். வெள்ளை நூலாக இருக்க வேண்டிய வேர், நுனி கருகிச் சுருண்டு கிடந்தது.

"எத்தனை தட்டுண்ணே?"

"எடுத்தது அறுபது. அறுபதும் இதேதான்."

சல்லிசு கை கழுவிய ஈரத்தோடு ஓடி வந்தார். "அண்ணே, உங்க தண்ணி எப்படி…"

"என் தண்ணி பட்டாத்தானேப்பா? எடுத்துட்டுப் போயி நாலு நாள்தான் ஆகுது. இன்னும் நடவே இல்ல. நாலு நாள்ல வேர் இப்படி வேகாது." குரலில் கோபம் இல்லை, அதுதான் சொட்டக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "என் மச்சான் ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கான். பேனா மாதிரி இருக்கு, தண்ணிக்குள்ள விட்டா நம்பர் காட்டும். தட்டுல தண்ணி ஊத்தி, அடியில வடிஞ்சதைக் கிண்ணத்துல பிடிச்சுப் பார்த்தேன். நாலு புள்ளி மூணு."

"நாலா!" சல்லிசு சிரித்தே விட்டார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டம்மா பார்க்காம இங்கேருந்து ஒரு சொட்டுத் தண்ணி செடிக்குப் போறதில்ல. நாலுன்னா சிவப்பு. சிவப்பைப் பார்த்து மஞ்சள்னு சொல்ல அவ என்ன குருடா?"

சொட்டக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். மேசையின் கால் ஆடியது.

"நான் தங்கச்சியைக் குறை சொல்ல வரல" என்றார் மிளகாய்க்காரர். "எத்தனை வருஷமாப் பார்க்கறேன். மீட்டரே கோளாறாவும் இருக்கலாம். நாளைக்குக் காலையில அதை எடுத்துட்டு வர்றேன். ஒரே தண்ணியைத் தங்கச்சியும் பார்க்கட்டும், மீட்டரும் பார்க்கட்டும். எது பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுட்டுப் போவுது. ஏன் சொல்றேன்னா, இன்னும் நாப்பது தட்டு உங்ககிட்ட வளருது. அதுவும் போச்சுன்னா இந்தப் போகம் எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல."

அவர் போன பிறகு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சல்லிசுக்கும் நாத்தனாருக்கும் வேறு பேச்சே இல்லை.

"மெஷினாம், பேனாவாம்! அண்ணி முன்னாடி அது என்ன பண்ணும்?" என்றாள் நாத்தனார். "நாளைக்கு மீட்டர் மூக்கு உடைபடப்போகுது, பாரு."

"போன வருஷம் அந்த ரோஜாத் தோட்டத்துக்காரர் எங்கேயோ ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தாரே, என்ன வந்துச்சு?"

"ஆறு புள்ளி அஞ்சு. அண்ணி சொன்னதும் ஆறரை."

"பின்ன? இவ கண்ணு கண்ணு இல்ல, தராசு." சல்லிசு பெருமையோடு மனைவியைப் பார்த்தார். "என்ன, சாப்பிடாம பிசைஞ்சிட்டே இருக்கே?"

"வெயில். சாப்பிடப் பிடிக்கல."

 அவர் திட்டியிருந்தால்கூடச் சொல்லியிருப்பாள். இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கும் மனிதரிடம் என்னவென்று சொல்வது?

சாயங்காலம் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சோப்பு உறையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பொடி எழுத்தெல்லாம் தெரிந்தது. உறையின் சிவப்பு சிவப்பாகவே இருந்தது, துண்டின் நீலம் நீலமாகவே இருந்தது. வீட்டுக்குள் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, கொட்டகைக்குள் போனால்தான் மஞ்சள் புரள்கிறது. இதில் ஆறுதலுக்கு இடம் இருந்தது. ஆனால் பயந்தவளுக்கு எல்லாமே பயத்துக்குத்தான் சாட்சி சொல்லும். அப்பாவுக்கும் இப்படி வந்து வந்து போனதுதானே, சில நாள் நன்றாகத் தெரிகிறது என்று அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்படுவாரே என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

வெளியே வந்தபோது சல்லிசு வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய வால்வைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க…"

"என்ன?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் கிரீஸ். பல்லுக்கிடையில் ஒரு சின்ன வாஷரைக் கடித்துக்கொண்டிருந்தார், தொலையாமல் இருக்க.

"ஒண்ணுமில்ல. மேலத் தொட்டிக் குழாய் சொட்டுது."

"அதான் பண்ணிட்டிருக்கேன்."

படுக்கும்போது ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள். மீட்டர் ஜெயித்துவிட்டால், மருந்து பழசாகிவிட்டது, நிறம் சரியாகக் காட்டவில்லை என்று சொல்லிவிடலாம். புது மருந்து வாங்கும் வரைக்கும் மீட்டரையே பார்க்கலாம். பிறகு மீட்டரே பழகிவிடும், அவள் கண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். பொய் கச்சிதமாக இருந்தது. அப்பாவும் இப்படித்தான் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொய் வைத்திருந்திருப்பார் என்று தோன்றியது.

மறுநாள் காலை மிளகாய்க்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். கூடவே இரண்டு சின்ன பாட்டில்கள்.

"இதென்னண்ணே?" என்றாள் நாத்தனார்.

"மீட்டருக்குப் பரீட்சை வைக்கிற தண்ணிம்மா. இது சரியா ஏழு, இது சரியா நாலு. மீட்டர் இதுல ஏழும் இதுல நாலும் காட்டினா அது ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். முதல்ல அதைப் பார்த்துருவோம். பின்னாடி யாரும் சந்தேகம்னு சொல்லக் கூடாது பாரு."

முதல் பாட்டிலில் விட்டார். எண்கள் ஓடி, தயங்கி, ஏழில் நின்றன. கழுவித் துடைத்து இரண்டாவதில் விட்டார். நாலு.  மீட்டர் ஒழுங்காக இருக்கிறது. இனிப் பொய் சொல்லக்கூடியது மேசையின் இந்தப் பக்கம்தான்.

"இப்ப நீ பாரும்மா."

தொட்டியில் அன்று காலை அவள் கலந்த தண்ணீர். குழாயில் கோடு வரைக்கும் பிடித்தாள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. மூன்றாவது சொட்டும் விட்டாள். குலுக்கித் தூக்கிப் பிடித்தாள். மற்ற மூவரும் குழாயை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு அதுதான் பழக்கம்.

கலங்கிய மஞ்சள்.

"ஆறு" என்றாள்.

மிளகாய்க்காரர் மீட்டரைத் தொட்டிக்குள் விட்டார். எண்கள் இறங்கின. ஆறைத் தாண்டி, ஐந்தைத் தாண்டி, நாலு புள்ளி எட்டில் நின்றன.



"மருந்து பழசாப் போயிருக்கும்" என்றார் சல்லிசு அவசரமாக. அவள் தயார் செய்து வைத்திருந்த அதே பொய், அவர் வாயிலிருந்து உண்மையாகவே வந்தது. "அந்த பாட்டில் எப்ப வாங்கினது? வெயில்ல கெட்டுப்போயிருக்கும். அதான் நிறம் மாத்திக் காட்டுது. இல்லம்மா?"

தலையாட்டினால் போதும். அவள் தலையாட்டினாள்.

"இருக்கலாம், இருக்கலாம்" என்று மிளகாய்க்காரர் அவள் கையிலிருந்த குழாயை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வெளியே வெயிலில் போய் நின்று தூக்கிப் பார்த்தார்.

"மருந்து நல்லாத்தானே இருக்கு?" அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஆரஞ்சுதானே காட்டுது. மீட்டரும் கிட்டத்தட்ட அஞ்சுங்குது, மருந்தும் அஞ்சுங்குது. தங்கச்சி எதைப் பார்த்து ஆறுன்னுச்சு?"

சொட்டக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்தது என்று நினைத்தாள். தரையில் பதிந்திருந்த ஈரத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்கெல்லாம் ஆரஞ்சாகத் தெரிவது அவளுக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. ஜன்னலோர நாற்காலி எந்த ஜன்னலில் போடப்படும் என்றுகூட மனசு போய்விட்டது. மூன்று பேரின் பார்வையும் முதுகில் குத்துவது தெரிந்தது.

"எங்கண்ணே ஆரஞ்சு? குடுங்க இப்படி" என்று நாத்தனார் ஓடினாள். அண்ணி தோற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. குழாயைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்து தன் அண்ணன் சல்லிசின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "இது ஆரஞ்சா? நீயே சொல்லு. சுத்தமா மஞ்சள்! இவருக்குத்தான் கண்ணு போயிருச்சு."

சொட்டக்கா நிமிர்ந்தாள். "உனக்கு… உனக்கு மஞ்சளாவா தெரியுது?"

"பின்ன என்ன அண்ணி? பார்த்தாலே தெரியலையா?"

"மஞ்சள்தான்" என்றார் சல்லிசு.

"அடப் போங்கப்பா" என்று மிளகாய்க்காரர் குழாயைத் திரும்ப வாங்கி வெளியே போனார். இந்த முறை எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். வெயிலில் தூக்கிப் பிடித்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயில் பழுத்த ஆரஞ்சு.

சொட்டக்கா அதை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் ஓர் அடி வைத்தாள். மஞ்சள். வெளியே ஓர் அடி வைத்தாள். ஆரஞ்சு. உள்ளே. வெளியே. உள்ளே நின்று தன் கையைப் பார்த்தாள். நகமெல்லாம் பச்சை ஓடி, பிணத்தின் கை மாதிரி இருந்தது. இரண்டு மாதமாக இந்த வெளிச்சத்தில் நின்று நின்று அது வெளிச்சமாகவே தெரிந்திருக்கிறது. மெல்ல மேலே பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். கடைசியாகச் சல்லிசு பார்த்தார்.

"சல்லிசாக் கிடைச்சுதாக்கும்?" என்றாள் நாத்தனார்.

அவர் அசடு வழிந்தார். "தகடு வாங்கும்போது வெளிச்சம் நல்லா வரும்னுதான் கடைக்காரன் சொன்னான்…"

"வந்துச்சே! பச்சைப் பசேல்னு வந்துச்சே!"

மிளகாய்க்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அறுபது தட்டு கெட்டுப்போனவர் சிரித்ததைப் பார்த்து எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சொட்டக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பதுபோலவே அழுதுகொண்டாள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அட்டை இருந்திருந்தால் அட்டையும் பச்சையில் குளித்திருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏதோ சரியில்லை என்று என்றைக்கோ கண்டுபிடித்திருக்கலாம். கண்ணுக்குள் இருந்த அட்டைக்குத்தான் அந்த வழி இல்லாமல் போனது. தன் கர்வத்துக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கும்போதே சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு வேலைதான். மிளகாய்க்காரர் தன் தட்டுகளையும் வண்டியில் ஏற்றி அனுப்புவதாகச் சொல்லி மீட்டரை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனார். மேசை முற்றத்துக்கு வந்தது. சல்லிசு ஏணியைச் சாத்திக் கொட்டகைமேல் ஏறித் தகடுகளைக் கழற்ற ஆரம்பித்தார், ஒவ்வொரு திருகாணிக்கும் தன் தங்கச்சியிடம் ஒரு கேலி வாங்கிக்கொண்டே. கீழே நாத்தனார் பூவாளியால் வெறும் கிணற்றுத் தண்ணீரைத் தட்டு தட்டாக ஊற்றினாள். எட்டாக இருக்கும் தண்ணீர் நார்த்தூளில் தேங்கிய புளிப்பைக் கரைத்துக்கொண்டு அடித் துளை வழியாக வடியும். ரொம்ப வாடிய தட்டுகளுக்கு வாளியில் சுண்ணாம்புத் தூளைக் கரைத்துத் தெளித்தார்கள். வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்துச் சொட்டக்கா மூன்று சொட்டு விட்டாள். முதல் தடவை ஆரஞ்சு. இரண்டாவது தடவை வெளிறிய ஆரஞ்சு. நாலாவது தடவை ஆறாம் நம்பர் மஞ்சள், கலங்கலே இல்லாமல். மீட்டரைப் போட்டுப் பார்த்தாள், ஐந்து புள்ளி ஒன்பது.

"அண்ணி, புது வேர் விடுமா?"

"நுனி கருகினதுதான், கழுத்து நல்லாருக்கு. பத்துல ஏழு தேறும்."

"பாட்டெல்லாம் வருதே?"

"நான் எங்கடி பாடினேன்?"

"முணுமுணுன்னு இவ்வளவு நேரமும் பாடிட்டுதான் இருக்கீங்க. ரெண்டு மாசமா மூஞ்சியை உம்முன்னு வெச்சிட்டிருந்தீங்க, கல்லு மாதிரி."

நாத்தனார் சுண்ணாம்புக் கரைசலைக் கலக்கிய வேகத்தில் ஒரு தெறிப்பு வந்து சொட்டக்காவின் வலது கண்ணில் விழுந்தது. சுளீரென்று எரிந்தது. "ஐயோ அண்ணி!" என்று அவள் குடத்தோடு ஓடி வந்து நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். எரிச்சல் அடங்கியது. ஈரத் துணியை அந்தக் கண்மேல் ஒரு கையால் பொத்திக்கொண்டு, "போ, போய் வேலையைப் பாரு, ஒண்ணும் ஆகல" என்றாள் சொட்டக்கா. கொஞ்ச நேரம் போனதும் மருந்து பாட்டில் மூடியைப் பல்லால் திறந்துகொண்டு குழாயில் பிடித்த அடுத்த தட்டுத் தண்ணீரில் மூன்று சொட்டு விட்டாள். குலுக்கித் தூக்கிப் பிடித்தாள்.

நிறம் ஏறவில்லை. தண்ணீர் கழுவி விட்டாற்போல மங்கி நின்றது. ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சொட்டு விட்டதில் மருந்து வெளியே விழுந்திருக்கும் என்று நினைத்து, இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். அப்போதும் அதேதான். துணியை எடுத்துவிட்டு வலது கண்ணைத் திறந்தாள். குழாய் நிறைய கெட்டி ஆரஞ்சு.

மூடினாள். மங்கல். திறந்தாள். ஆரஞ்சு.

தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்த சிவப்பு வாளியைப் பார்த்தாள். வலது கண்ணுக்கு அது சிவப்பாக இருந்தது. இடது கண்ணுக்குப் பல வருஷம் வெயிலில் கிடந்த வாளியாக இருந்தது. மேலே பார்த்தாள். மேலே வானம்தான் இருந்தது, கழற்றுவதற்குத் தகடு எதுவும் இல்லை.

 இரண்டு மாதம் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அது இருட்டில் கை நீட்டித் தேடுவது மாதிரி இருந்தது, இப்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டுவிட்டது. எரிச்சலால் இருக்கும் என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. சுண்ணாம்பு பட்டது வலது கண்ணில், மங்கியது இடது கண்.

யாருக்கும் தெரியாது. அதுதான் அவளை உலுக்கியது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டால் எல்லா நிறமும் சரியாகவே தெரிகிறது. தகட்டின்மேல் பழியும் விழுந்தாகிவிட்டது. இனி ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். இன்றைக்குப்போல அவள் கண்ணை எல்லோரும் நம்பிய நாளே கிடையாது. இப்படியே ஒரு வருஷம் ஓட்டலாம். அப்பா ஓட்டினாரே.

மேலே திருகாணி கழலும் சத்தம் கேட்டது.

"என்னங்க, கீழ இறங்குங்க."

"இன்னும் ரெண்டே தகடு. முடிச்சிட்டு வந்துடறேன்."

"இறங்குங்க."

அந்தக் குரலுக்கு அவர் இறங்கி வந்தார். தலையெல்லாம் தூசி. "எந்தத் தட்டு போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தட்டு இல்லைங்க. என் இடது கண்ணுல நிறம் தெரியல."

"அதான் கண்டுபிடிச்சாச்சே. தகடுதான்…"

"இது தகடு இல்ல. இங்க வெயில்லதான் நிக்கறேன். வலது கண்ணை மூடினா எல்லாம் வெளுத்துப்போகுது."

நாத்தனார் பூவாளியைச் சாய்த்தபடியே நின்றாள், தண்ணீர் ஒரே தட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. சல்லிசுக்கு மாமனாரை நன்றாகத் தெரியும். பதினொரு வருஷத்தில் கடைசி நாலு வருஷம் அந்த நாற்காலியை வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றிப் போட்டது அவர்தான்.

"எத்தனை நாளா?"

"தெரியல. நல்ல கண்ணு இதை மறைச்சு வெச்சிருக்கு."

அவர் அருகில் வந்தார். கிரீஸ் படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவள் வலது கண்ணைப் பொத்தினார். இன்னொரு கையால் அந்த வாளியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன நிறம்?"

"சிவப்புன்னு தெரியும்."

"தெரியும் இல்ல. தெரியுதான்னு கேட்டேன்."

"தெரியல."

 அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"நல்லாப் பாரு" என்றார். "அவசரப்படாம இன்னொரு தடவை பாரு."

சொட்டக்கா இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கண்மேல் இருந்த அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"சட்டையை மாத்திட்டு வாங்க" என்றாள். "கண் டாக்டர் சாயங்காலம் வரைக்கும் இருப்பார்."